கவாத்து முடிகிற வரை

கவாத்து முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். நேற்று மகன் போனில் கேட்டதற்கும் அதுதான் பதில், இன்று விடிந்ததும் ருக்குமணி காபித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றதற்கும் அதுதான் பதில். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடச் சம்மதமா என்று கேட்டால், ரோஜாச் செடியைக் கவாத்துப் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்கிற புருஷனை வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு நாலு கேள்வி கேட்டிருப்பாள். ருக்குமணி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து பாத்தி ஓரத்தில் போட்டாள். எதிரே ஒரு முக்காலி, அதன்மேல் தலையணை, தலையணைமேல் பழைய துண்டு, துண்டின்மேல் கட்டுப் போட்ட அந்தக் கால். அவரைத் தோளில் தாங்கி நடத்திக் கொண்டுவந்து உட்கார வைத்ததில் அவளுக்கே மூச்சு வாங்கியது. மகன் பிரகாசு சிங்காநல்லூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் வந்ததும் ஏறி உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி, நாளைக்கு ஆபரேஷன். ஏறாவிட்டால் விஷம் ரத்தத்தில் கலக்கும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆக அவருக்கென்று மிச்சம் இருப்பது மகன் வந்து சேருகிற வரைக்குமான பொழுது. அதை அவர் செடிகளுக்குக் கொடுத்தார். வேறு யாருக்குக் கொடுப்பது?

"இன்னுங் கீழே புள்ளே. இன்னுங் கீழே. அட, அங்கயில்ல, அந்தக் கணுவுக்கு மேல." ருக்குமணி கத்தரியைப் பிடித்திருந்த விதமே அவருக்குப் பிடிக்கவில்லை. கறிவேப்பிலை கிள்ளுகிறவள் மாதிரி நுனி நுனியாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பச்சை இலை கண்ணில் பட்டால் போதும், கத்தரி தயங்கி மேலே ஏறிவிடும். இத்தனை வருஷத்தில் அந்தக் கத்தரியை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. மில்லில் மேஸ்திரியாக இருந்த காலத்தில், நூல் அறுந்த இடத்தைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள் என்று பேர் வாங்கியவர், ரோஜாவிலும் அப்படித்தான், தன்னைத் தவிர இன்னொருத்தருக்குக் கண் இருக்கிறது என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் செடி வாங்கப் போகிற நாளில் நர்சரிக்காரர்கள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளாத குறை. மற்றவர்கள் பெரிய பூவாகப் பார்த்துச் செடியைத் தூக்குவார்கள். அவர் முதலில் அந்தப் பூவைத்தான் ஒடித்து எறிவார். பூ இன்றைக்கு இருக்கும் நாளைக்கு உதிரும், ஒட்டுக் கட்டின இடத்தைப் பாருடா, அங்கிருந்து மூணு கிளை விரல் தண்டி கிளம்பியிருக்கா பாரு, பையைத் தூக்கிப் பாரு, வேர் அடியில சுத்திக்கிட்டிருக்கா பாரு என்று பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் பாடம் எடுப்பார். இருநூறு செடியைப் புரட்டி ஒன்றை எடுப்பார், அதையும் திருப்பி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்த நாளும் உண்டு. பெண் பார்க்கப் போனபோது மட்டும் ஒரே வீட்டில் முடித்துக்கொண்டார். அதைச் சொல்லி ருக்குமணி சிரிப்பாள், செடிக்கு இருக்கற மரியாதைகூட எனக்கு இல்லீங்க, ஒரே பார்வையில எடுத்துக்கிட்டீங்க என்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. அன்றைக்கு எதைப் பார்த்தார் என்று அவருக்கு நினைவில்லை. பார்க்கவே இல்லையோ என்னவோ. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு பாதம் தெரிந்தது, மருதாணி வைத்த பாதம், அவ்வளவுதான். பாதம். எங்கே சுற்றினாலும் புத்தி கடைசியில் அங்கேதான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, சனியன்.

"ஏனுங்க, பாவமா இருக்குதுங்க. இவ்வளவும் வெட்டோணுமா? கீழ பச்சையாத்தான இருக்குது." வெட்டின துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். வெட்டுவாயின் நடுவில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு வட்டம். மேலே தோல் பச்சைதான், அதுதான் இதன் சூது. மழை ஈரத்தில் நுனி கருகும், கருகினது உள்ளே இறங்கும், வெளியே தோலுக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்குப் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். "பச்சையப் பாக்காத. வெட்டுன எடத்துல நடு வெள்ளையா வர்ற வரைக்கும் போ. பழுப்புத் தெரிஞ்சா இன்னும் உள்ள இருக்குதுன்னு அர்த்தம்." சொல்லும்போதே அவருக்கு வாய் கசந்தது. இதே பேச்சைத்தான் அந்த டாக்டர் பேசினான். சின்ன வயசு, மழமழவென்று முகம், மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பாதத்தை வைத்திருந்தான். பிரகாசுதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அப்பா ரோஜா வளர்க்கிறவர் சார் என்று சொல்லித் தொலைத்தான். உடனே அவனுக்குப் பிடி கிடைத்துவிட்டது. "அப்ப உங்களுக்கு நான் சொல்லணுமா ஐயா? நுனி கருகிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? கொஞ்சம் நல்ல இடத்தையும் சேத்து வெட்டுவீங்கல்ல? அதேதான்." அதேதானாம். நாச்சிமுத்து கேட்டார், "வெட்டுனா துளுக்கும் டாக்டர், செடி. இது துளுக்குங்களா?" டாக்டர் சிரித்தான். பிரகாசு சிரிக்கவில்லை. ருக்குமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு டாக்டர் அவர்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு வராந்தாவில் வைத்து என்னமோ பேசினான். கதவுக் கண்ணாடி வழியாக வாய் அசைவது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது ருக்குமணி ஒன்றுமே நடக்காத மாதிரி, பசிக்குதுங்களா, இட்லி வாங்கியாரட்டுமா என்றாள். அவள் அப்படிக் கேட்டாள் என்றால் விஷயம் பெரிது. அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் வராது. அதனாலேயே கேட்கவில்லை.

வெட்டுகிற செடியை ஒரு வார்த்தை கேட்க நாதி இல்லை, என்னைக் கேட்க இருக்கிறது, அதுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டார். கேட்கிறார்கள். சம்மதமா என்று கேட்கிறார்கள். முதலில் சுண்டுவிரலுக்குக் கேட்டார்கள், சரி என்றார். அப்புறம் பக்கத்து விரலுக்கு. ஒரு கையெழுத்து, ஒரு விரல். இவ்வளவோடு நின்றுவிடும் என்றார்கள். நின்றதா? கட்டுப் பிரிக்கிற பெண் ஒவ்வொரு தடவையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிரிப்பாள், அந்தத் திருப்பலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். நாற்றம். தன் உடம்பிலிருந்து தனக்கே வருகிற நாற்றம். நெஞ்சு குமட்டும், சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால் சோறும் அதே வாடை அடிக்கும். ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள், சாம்பிராணி போட்டாள், இரண்டும் சேர்ந்து சாவு வீட்டு வாடையாகப் போயிற்று, எடுத்து வெளியே வை என்று கத்தினார். இதில் அநியாயம் என்னவென்றால் இத்தனை வருஷம் ரோஜா வளர்த்தவர் ஒரு ரோஜாவையும் முகர்ந்து பார்த்ததில்லை. யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. இந்தப் பாத்தியில் பூத்ததெல்லாம் முருகனுக்கு. சாமிக்குப் போகிற பூவை முகர்ந்துவிட்டால் எச்சில் பண்ணின மாதிரி. பறிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், பறித்துத் தட்டில் போட்டுவிட்டுத்தான் மூச்சை விடுவார். பன்னீர் ரோஜாவின் வாசம் தெருவில் போகிறவனுக்கெல்லாம் கிடைத்தது, பக்கத்து வீட்டு வாடகைக்காரனுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் மூக்குக்கு நிறைய அவருக்கென்று வந்து சேர்ந்தது இந்த வாசம். ஏன் முருகா இப்படி என்று கேட்கக்கூடப் பயமாக இருந்தது, பதிலுக்கு இன்னும் எதையாவது எடுத்துக்கொள்வானோ என்று.

சர்க்கரை வந்து பதினாலு வருஷம் ஆகிவிட்டது. காலில் மதமதப்பு ஆரம்பித்தபோதே சொன்னார்கள், வெறுங்காலோடு ஓரடி வைக்காதீர்கள், வீட்டுக்குள்ளும் செருப்பு. அவர் சொன்னபடி கேட்டார். சர்க்கரைக்காரர்களுக்கென்று தைத்துக் கொடுக்கிற அந்த மெத்தைச் செருப்பை வாங்கி, சாப்பிடும்போதும் போட்டுக்கொண்டு, வருகிற உறவுக்காரர்கள் ஒருமாதிரி பார்த்தாலும் போட்டுக்கொண்டு, அப்படி நடந்தார். இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் கழற்றுவார். ஒன்று பூஜை அறை. இன்னொன்று இந்தப் பாத்தி. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, பாத்தி ஓரத்துக் கல்லில் செருப்பை விட்டுவிட்டு, சாமி பூச்செடிக்குள் செருப்புக் காலோடு போவதா என்று நினைத்துத்தானே, வெறுங்காலோடு இறங்கி, பூப்பறித்து, அப்படியே நேரே பூஜை அறை. கொஞ்ச தூரம்தான். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய சங்கதியாக அவருக்குத் தோன்றவே இல்லை. பல் விளக்குவதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் முள் காத்திருந்தது. ஏறினது அவருக்குத் தெரியவில்லை. எறும்பு ஏறினாலே தெரியாத கால். பூஜை அறையின் வெள்ளைத் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததை ருக்குமணிதான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் துணியை நனைத்துத் துடைத்தாள். "ஏனுங்க, குங்குமத்தை இப்பிடிக் கொட்டிக்கிட்டே போவாங்களா? கால்ல மிதிச்சு வீடெல்லாம் ஆக்கி வெச்சிருக்கீங்க." நான் எங்கடி கொட்டினேன் என்று இவர் பாய்ந்தார். கைநடுக்கமா உங்களுக்கு என்று அவள் கேட்டாள். கைநடுக்கம் உங்கப்பனுக்கு என்று இவர் சொன்னார். மறுநாளும் சிவப்பு. மறுநாளும் துடைத்தாள். குங்குமச் சிமிழை எட்டாத உயரத்தில் எடுத்து வைத்தாள், அதற்கு ஒரு சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளும் அவர் ரத்தம்தான் அந்தத் தரையில் கிடந்தது, அவள்தான் அதைத் துடைத்தாள், இரண்டு பேரும் அதைக் குங்குமம் என்று நினைத்துக்கொண்டு யார் குற்றம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அது ரத்தம் என்று தெரிந்த பிறகு மட்டும் என்ன கிழித்தோம் என்று இருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். கவாத்துக்கு வெட்டின இடத்தில் என்ன பூசுகிறாரோ அதையே காலுக்கும் பூசினார், அவர் கையாலேயே, வெகு நம்பிக்கையோடு. செடிக்குக் கேட்டது காலுக்குக் கேட்கவில்லை. ருக்குமணி அதைப் பற்றி இன்றுவரை பேசினதில்லை. ஒரே ஒரு நாள், ஆஸ்பத்திரியில் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தொடச்சுத் தொடச்சுப் போட்டேனே, தொடச்சுத் தொடச்சுப் போட்டேனே என்று முனகினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து, விடு புள்ளே, உனக்கென்ன தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை அவருக்கு. கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது, காலைவிட அது அதிகம் வலிக்கிற நாளும் உண்டு.

நாலாவது செடிக்குப் போய்விட்டாள். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது, கத்தரி சாய்வாக விழுகிறது, பழுப்பு, பழுப்பு, வெள்ளை, அங்கே நிறுத்தி மஞ்சளைத் தொட்டு வைத்தாள். இன்னும் இரண்டு செடி. இரண்டே இரண்டு. "அந்த மொதச் செடி இருக்குதுல்ல, அதை மறுக்கா பாரு. உள்பக்கமா ஒரு கிளை போகுது. அது வேண்டாம், எடுத்துரு." அப்படி ஒரு கிளை இல்லை என்பது அவருக்கே தெரியும். அவள் போய்க் குனிந்து பார்த்தாள், எங்கீங்க, இதுங்களா, இதுங்களா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஆமா அதுதான் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார். நல்ல கிளை, குச்சி மாதிரி நேராக நின்றது. வெட்டிவிட்டாள். நல்ல கிளையை அநியாயமாக வெட்ட வைத்தோமே என்று இருந்தது, ஆனாலும் அதில் கொஞ்சம் பொழுது கிடைத்தது. திரும்பி நடந்து வந்தவளின் சேலை ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருந்தது. அப்போதுதான் பார்த்தார். வெறுங்கால். செருப்பு இரண்டும் பாத்தி ஓரத்துக் கல்லில், ஜோடியாக, அவர் விடுகிற அதே இடத்தில். வெட்டிப் போட்ட முள்குச்சிகளுக்கு நடுவில் அந்த இரண்டு பாதமும் மண் அப்பிக்கொண்டு நடந்து வந்தன. போன வருஷம் அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை ஆரம்பம் என்று சொல்லியிருந்தார்கள்.

"செருப்பப் போடு." அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ, "என்னங்க?" என்றாள். "செருப்பப் போட்டுட்டு எறங்குடி!" அவர் குரலுக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. ருக்குமணி கல்லைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சாமி பூச்செடிங்க," என்றாள், நிஜமாகவே புரியாமல். அவர் சொல்லிக் கொடுத்ததுதான். கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் ஊற்ற வந்தவளைச் செருப்புக் காலோடு பார்த்துவிட்டு நாலு பேர் முன்னால் வைத்து ஏசினார். அன்றைக்கு அவள் அழுதாள். அதற்கப்புறம் ஒருநாள்கூடத் தவறினதில்லை. மில்லில் நூறு பேரை வேலை வாங்கினவருக்கு வீட்டில் ஒருத்தியை மிரட்டி வைப்பதா பெரிய காரியம்? மிரட்டினது அப்படியே நிற்கிறது, வேர் பிடித்து நிற்கிறது, இப்போது பிடுங்கு என்றால் எப்படிப் பிடுங்குவாள். "சாமி ஒண்ணுஞ் சொல்லாது. நாஞ் சொல்றேன், போடு." அவள் நகரவில்லை. "ரெண்டு செடிதானுங்க பாக்கி" என்றாள். அவருக்கு எழுந்து போய் அந்தச் செருப்பை எடுத்து அவள் காலில் மாட்ட வேண்டும் போல இருந்தது, கையை ஊன்றி எழப் பார்த்தார், நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, முக்காலியிலிருந்து அந்தக் கால் கனமாக நழுவி மண்ணில் விழுந்தது. வலிக்கவில்லை. எதுவும் வலிக்கவில்லை. அதுதான் பயம். யாரோ ஒருவருடைய காலைத் தன்மேல் கட்டிவைத்த மாதிரி கிடந்தது. ஐயோ என்று ஓடிவந்தவள் இரண்டு கையாலும் அதை ஏந்தித் தலையணைமேல் திருப்பி வைத்தாள், கட்டுத் துணியில் ஒட்டின மண்ணைத் தட்டினாள், பிறகு போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்கும்போது ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டதை அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஐந்தாவது செடி பட்டன் ரோஜா, அதில் வெட்ட ஒன்றுமில்லை. வெட்டாதே என்று சொல்லவும் மனசில்லை. அவள் குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். வெட்டி எடுத்த காலை என்ன பண்ணுவார்கள் என்று கேட்க வேண்டும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. விரல்கள் எங்கே போயின? அதையும் கேட்கவில்லை. வார்டில் வேலை செய்கிற ஆள் ஒருத்தன் பக்கத்துக் கட்டில்காரரிடம், பெரிசா இருந்தா வீட்டுக்காரங்க வாங்கிட்டுப் போய்ப் பொதச்சுருவாங்க என்று சொன்னது காதில் விழுந்தது. அப்படியானால் பிரகாசு வாங்க வேண்டும். எதில் வாங்குவான், பையிலா? கார் டிக்கியில் வைத்துக்கொண்டு மயானத்துக்குப் போவானா, குழி வெட்டுகிறவன் எவ்வளவு கேட்பான், முழுக் குழிக்குக் கேட்கிறதைக் கேட்பானா, அரைக் குழியா? இவர் இங்கே கட்டிலில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அங்கே அவர் கால் மட்டும் முன்னாடியே போய் இடம் பிடித்துப் படுத்திருக்கும், மிச்ச ஆள் எப்போது வருவான் என்று. மயானம் எதற்கு, இந்தப் பாத்தியிலேயே புதைத்துவிடலாம் என்றும் ஓடியது புத்தி. மாசாமாசம் எலும்புத்தூள் வாங்கிப் போட்டவர்தானே. எந்த மாட்டின் எலும்போ, எந்த ஆட்டின் எலும்போ, ஒருநாளும் யோசித்ததில்லை, கைநிறைய அள்ளி வேரடியில் போட்டுக் கிளறிவிட்டிருக்கிறார். அந்த வருஷம் பூ நன்றாக வரும். சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு இருமலாக வெளியே வந்தது. தண்ணி வேணுங்களா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒரு ஆம்பளை அதை எந்த வாயால் சொல்வது? செத்தால் சாகட்டும், முழுசாகச் சாகிறேன் என்று முந்தாநாள் ராத்திரி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கவாத்து முடிந்ததும் சொல்கிறேன் என்றது அதைத்தான். பிரகாசு வருவான், கார் நிற்கும், நான் வரலை, போ என்று சொல்லிவிடுவது. அவ்வளவுதான். ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தார்.

கடைசிச் செடி பன்னீர் ரோஜா. பாத்தியிலேயே பெரிசு, அவர் மார்பளவு. இந்த மழைக்கு முன் பூத்துக் குலுங்கினது, இப்போது பாதி உயரத்துக்குக் குச்சி குச்சியாக நின்றது. அவர் விழுந்து கிடந்த இத்தனை நாளில் ஒருத்தரும் பார்க்கவில்லை, யார் பார்ப்பது, அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். "மேல இருக்கறது எல்லாம் போச்சு. நேரா பாதிக்கு வந்துரு." வெட்டினாள். கொண்டுவந்து காட்டினாள். பழுப்பு. "இன்னும் ஒரு சாண்." வெட்டினாள். பழுப்பு. இந்தத் தடவை நாற்காலி வரை வந்து காட்டும்போது பார்த்தார், முள் கீறி அவள் மணிக்கட்டில் கோடு கோடாக இருந்தது. "கீழே." மூன்று கிளையிலும் பழுப்பு. இப்போது மீதி இருந்தது முழங்கால் உயரம்தான். தெருமுனையில் ஏதோ வண்டி திரும்புகிற சத்தம், இரண்டு பேரும் காதைக் கொடுத்தார்கள், பால்காரன் வண்டி. "இன்னும் வெட்டோணுமுங்களா?" "வெட்டு." இரண்டு கையாலும் கத்தரியை அழுத்த வேண்டியிருந்தது, தண்டு அவ்வளவு தடிமன், முகம் சுருங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள், கடக் என்று ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவருடைய முழங்காலுக்குக் கீழே எங்கோ ஒரு இழை சுண்டினது, இத்தனை நாள் செத்துக் கிடந்த இடத்தில். ஒட்டுக் கட்டின முடிச்சுக்கு மேலே நாலு விரல்தான் மிச்சம். அதற்குக் கீழே போனால் அது ரோஜாவே இல்லை, வெறும் காட்டுச் செடியின் கட்டை.

அவள் அந்தத் துண்டைக் கொண்டுவரவில்லை. குனிந்தவள் குனிந்தபடியே, வெட்டுவாயை விரலால் தடவினாள். முதுகை அவருக்குக் காட்டிக்கொண்டு இன்னொரு தடவையும் தடவினாள். பிறகு, "வெள்ளையாயிருச்சுங்க" என்றாள்.

அவருக்குக் கால்தான் போயிற்று, கண் போகவில்லை. அவள் தோளுக்கும் கைக்கும் நடுவில் அந்தக் கட்டை நன்றாகத் தெரிந்தது. நடுவில் மட்டுமில்லை, விளிம்பு வரைக்கும் பழுப்பு. வேரோடு போய்விட்டது. வராந்தாவில் டாக்டர் என்ன சொன்னான் என்பது அவருக்கு அந்த இடத்தில் அப்படியே விளங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாலும் நிற்குமென்று சொல்ல முடியாது, திறந்து பார்த்தால்தான் தெரியும், மேலேயும் போக வேண்டி வரலாம், அதற்கப்புறமும் ஒன்றும் சொல்வதற்கில்லை. அதைத்தான் சொல்லியிருப்பான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் உள்ளே வந்து பசிக்குதுங்களா என்றாள். மூன்று நாளாக அதை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு சோறாக்கினாள், துணி துவைத்தாள், நாற்காலி தூக்கினாள். பொய்யே வராதவள், கடைசியில் ஒரு செடியின் முன்னால் குனிந்துகொண்டு, உலகத்திலேயே இவரிடம் சொல்லக் கூடாத ஒரு பொய்யைச் சொல்கிறாள். ரோஜா விஷயத்தில். அவரிடம். கொண்டா, காட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடைந்துபோவாள். சொல்லத்தான் வாயைத் திறந்தார். செடி விஷயத்தில் யாருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை, எப்போதும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும். சரியாக இருந்து என்ன வாழ்ந்தது?

வாசலில் கார் வந்து நின்றது. பிரகாசு இறங்கிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ருக்குமணி நிமிரவில்லை. முழுசாகச் சாகிறேன் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? ஒன்றும் செய்ய மாட்டாள். தரையில் உட்கார்ந்து, துடைத்துத் துடைத்துப் போட்டேனே என்று சாகிற வரைக்கும் முனகிக்கொண்டிருப்பாள். அவளை மிரட்டி வைத்ததெல்லாம் போதும், இதையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போக அவரால் முடியவில்லை. கால் போகட்டும். அதற்கு மேலே எவ்வளவு போகிறதோ போகட்டும். அவள் வெட்டிப் பார்த்தாள், தன்னால் ஆனதை எல்லாம் செய்தாள் என்று அவளுக்கு ஒன்று இருக்கட்டும்.

"வெள்ளையாயிருச்சுன்னா சரி," என்றார். "மஞ்சளை நல்லா அப்பி வெச்சுட்டு வா. அந்த நீலச் சட்டையை எடுத்துட்டு வா, போலாம்."

அவள் கிண்ணத்தில் மிச்சம் இருந்த மஞ்சளை முழுக்க வழித்து எடுத்தாள். அந்தச் செத்த கட்டையின் தலையில் வைத்து, காற்றுப் புகாதபடி, விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினாள். அப்பா, கிளம்பலாமா என்று பிரகாசு கேட்டைத் திறந்துகொண்டே கேட்டான். இருடா, அம்மா பூசி முடிக்கட்டும் என்றார் நாச்சிமுத்து.